மூர் மார்க்கெட்டில் வாங்கியதாகச் சொன்ன கத்தி

3-5-81, ஞாயிறு

கடும் வெயில். கத்திரி நாளைக்குத்தான் பிறக்கிறது, இன்றே முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. மாட்டாஸ்பத்திரி விடுமுறை. வேலை: கத்தி.

மண்ணெண்ணெயில் இன்று மூன்றாம் நாள். பெரிய அலகு காலையில் அசைந்தது. சின்னது இன்னும் பிடிவாதம். பழைய பல் பிரஷ், செங்கல் பொடி, தேங்காய் எண்ணெய். சோறு பிசையும்போதும் விரலில் துரு நாற்றம்.

வியாழக்கிழமை காஞ்சிபுரத்துக்கு மருந்து எடுக்கப் போய்த் திரும்பும்போது வாலாஜாபாத்தில் இறங்கியதில் கிடைத்தது. காதர் பாயின் பழைய இரும்புக் கடை. ஓட்டை அண்டா, சைக்கிள் செயின், நடுவில் இது. மண்ணும் துருவுமாக ஒரு கட்டி. பாய்க்கு அது கத்தி என்றே தெரியாது. நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மடக்குக் கத்தி. இரண்டு அலகு. ஷெஃபீல்டு என்ற சீமை ஊர்ப் பெயரில் பாதி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. ஒரு பக்கப் பிடி எலும்பு, மஞ்சள் பூத்தது. மறு பக்கம் உடைந்து, யாரோ கறுப்புக் கொம்பு வைத்துச் சரி செய்திருக்கிறார்கள். எருமைக் கொம்பு. இத்தனை வருஷக் கம்பவுண்டருக்கு அது தெரியாமல் போகாது. இரண்டு செம்பு ஆணி, தலை தட்டியது சுத்தம். கொல்லன் வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தது. எலும்புப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் எனக்குப் பிடிக்கிறது.

கத்திக் கணக்கு நோட்டில் ஏற்றினேன். நெ. 14.

இப்போது தினம் கையில் இருப்பவை:
நெ. 1, அப்பாவுடைய பேனாக்கத்தி. பென்சில் சீவ, மருந்துச் சீட்டு கிழிக்க.
நெ. 6, குதிரைப் படைக்காரன் கத்தி. குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கியோடு. பையில் எப்போதும்.
நெ. 9, வளைந்த அலகு. தோட்டத்துக்கு.
மற்றவை பிஸ்கட் டின்னில். மாதம் ஒரு முறையாவது ஒவ்வொன்றுக்கும் ஏதாவது வேலை கொடுத்துவிடுவேன்.

சரோஜா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "ஞாயித்துக்கெயம எல்லாரும் கறி வாங்கிக்கினு வருவாங்க. என் வூட்டுக்காரு துரு வாங்கிக்கினு வராரு."

எங்கே வாங்கியது என்று அவளுக்கு மட்டும் தெரியும். வெளியில் யார் கேட்டாலும் மூர் மார்க்கெட் என்றுதான் சொல்வது. நாலு வருஷம் முன்பு, என்னைப் போலவே கத்தி சேர்க்கும் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் வாய் தவறி ஒரு கடையைச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் காரில் போய் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். அன்று முதல் மூர் மார்க்கெட்.

5-5-81, செவ்வாய்

காவாந்தண்டலத்தில் தொண்டை அடைப்பான் ஊசி. நூற்றுப் பத்து மாடு, முப்பது எருமை. டாக்டர் பதினோரு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். மீதியெல்லாம் நான்.

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஒரு கன்றுக்குக் கழுத்துக் கயிறு சிறுத்து இறுகிப்போய்த் தோல் புண்ணாகியிருந்தது. நெ. 14 சட்டைப் பையில் இருந்தது. முதல் வேலை அதற்கு இதுவாகட்டும் என்று எடுத்து அறுத்தேன். நன்றாக அறுத்தது. கன்றைப் பிடித்திருந்த பெண் கன்றை விட்டுவிட்டு என் கையையே பார்த்தாள்.

"சார், அத்த கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன். திருப்பினாள். கொம்புப் பக்கத்தில் கட்டை விரலை வைத்தாள்.

"இது எங்க எரும கொம்பு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரு கத்தி சார் இது. புடி ஒடஞ்சி போச்சின்னு, செத்த எரும கொம்ப அறுத்து வச்சாரு. கண்ணாடி சில்லால நான்தான் சொரண்டிக் குடுத்தேன். இங்க பாருங்க. சில்லு வயிக்கினது."

பார்த்தேன். செம்பு ஆணிக்குப் பக்கத்தில் மெல்லிய சாய்வுக் கீறல். மூன்று நாள் கையில் வைத்துத் தேய்த்திருக்கிறேன், அது கீறல் என்றுதான் நினைத்தேன். ஒருத்தியின் கை வழுக்கியது என்று எப்படித் தெரியும்.

"எங்க சார் வாங்கினீங்க?"

"மெட்ராஸ். மூர் மார்க்கெட்."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் பழகிப்போனது.

"எந்தக் கடை?"

"வாசல் பக்கத்துல. ஒரு பாய் கடை."

"எப்போ?"

"போன மாசம்."

அந்த முகத்தை எப்படி எழுதுவது. வரிசையில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? மெட்ராஸ்லதான் கீறாரு. உசுரோடதான் கீறாரு!"

கத்தியைத் தரச் சொன்னாள். "எனக்கு வேலைக்கு வேணும்மா, பார்க்கலாம்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆமாம், அப்போதுகூட.

ஊசிக்கு மாடு பிடிக்க வந்த தலையாரி பிறகு சொன்னார். அவள் பெயர் கன்னியம்மாள். புருஷன் ஏழுமலை. சொந்த நிலம் ஒன்றரை ஏக்கர், ஒரு பெண் குழந்தை. நாலரை வருஷம் முன்பு ஐப்பசியில், நல்ல மழையில், எருது வாங்கத் தென்னேரிப் பக்கம் போனவன். மாடு விற்றவன், வாங்கிக்கொண்டு ஓட்டிப்போனான் என்கிறான். மனுஷனும் வரவில்லை, மாடும் வரவில்லை.

"மாட்ட எங்கியோ வித்துட்டு எவளையோ இட்டுக்கினு மெட்ராஸ் போய்ட்டான் சார். ஊருக்கே தெரியும். இவதான் பொட்டு வச்சிக்கினு காத்துக்கினு கீறா."

6-5-81, புதன்

வெயில். மின்சாரம் இல்லை. கிணற்றில் இரண்டு உறை தெரிகிறது.

சரோஜாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"பொய் சொல்லிட்டு வந்தீங்களா?"

"பொய் இல்ல. எப்பவும் சொல்றதுதானே."

"உங்களுக்கு எப்பவும் சொல்றது. அவளுக்கு?"

சனிக்கிழமை அரை நாள். காவாந்தண்டலம் போய், வாலாஜாபாத்தில் வாங்கியது என்று சொல்லிவிட வேண்டும். வாலாஜாபாத் என்றால் என்ன, மெட்ராஸ் என்றால் என்ன, ஒரு கைமாறல்தானே. அவன் விற்றதை எவனோ வாங்கி, அவன் விற்று. இப்படி எனக்கு நானே.

ஆனால் அந்த மண். கத்தி மடிப்புக்குள் இருந்தது தெருப் புழுதி இல்லை. பல் பிரஷால் எடுத்தேனே, பொடி மணல். ஆற்று மணல் மாதிரி. கையில் வைத்து விற்ற கத்திக்குள் மணல் எப்படிக் கெட்டித்திருக்கும்?

8-5-81, வெள்ளி

காலையில் ஒரு எருமைக்கு வயிறு உப்புசம். ஓமம், எண்ணெய், பிறகு குழாய். பிழைத்தது. டாக்டர் லீவு. டிஞ்சர் தீர்ந்துவிட்டது, காஞ்சிபுரத்துக்கு எழுத வேண்டும்.

காவாந்தண்டலத்திலிருந்து ஒருவர் எருதைக் கொண்டு வந்தார். கால் நொண்டல். குளம்பைத் தூக்கிப் பிடித்து நெ. 6 கொக்கியால் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும்போது தன் போக்கில் சொல்கிறார்:

"நம்ம கன்னிம்மா நேத்து முதல் பஸ்ல மெட்ராஸ் போய்ட்சி சார். தம்பி தேவராஜியும் கூடப் போய்க்கீறான். ஆடு ரெண்டையும் வித்துட்சி. கல்யாண போட்டோவ சட்டத்துலந்து புடுங்கி மடியில கட்டிக்கினு போச்சி. உங்க கத்தியாலதான்."

எருது காலை உதறியது. கொக்கி என் கையில் பாய்ந்தது. ஆழமில்லை.

சனிக்கிழமை போய்ச் சொல்லலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமை அவள் கிளம்பிவிட்டாள்.

9-5-81, சனி

அரை நாள் முடிந்ததும் வாலாஜாபாத். பஸ்ஸில் நின்றுகொண்டே. காதர் பாய் கடை வாசலில் கோணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"பாய், போன வாரம் ஒரு இரும்புக் கட்டி எடுத்தேனே. அது யார் கொண்டு வந்தது?"

"இன்னா சார், ஏதாவது பேஜாரா?"

"இல்ல. தெரியணும்."

தலையைச் சொறிந்தார். "டிராக்டர் ஓட்றான் பாருங்க, பெருமாளு. தென்னேரி ஏரில கலங்கல் ஓடை தூர் எடுக்கறாங்கல்ல. அங்க மணல்ல கெடச்சதுன்னு ஒரு பையில கொண்டாந்தான். உங்க இரும்பு, ஒரு சங்கிலித் துண்டு, ஒரு மாட்டு மணி. மணி இன்னும் இங்கதான் கீது."

உள்ளே போய் எடுத்து வந்தார். பித்தளை. எருதின் கழுத்தில் கட்டுவது. நாக்கு இல்லை. உள்ளே அதே பொடி மணல்.

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழியும் இடம். ஐப்பசி மழையில், அதன் கீழ் ஓடையில், எருதும் கையுமாக ஒருவன்.

கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் சோடா உடைத்துக் கொடுத்தார். "இன்னா சார் முகம் இப்டி ஆயிப்போச்சி" என்று இரண்டு தடவை கேட்டார்.

அவள் மூர் மார்க்கெட்டில் இருக்கிறாள். இந்த நேரம், ஒவ்வொரு கடையாக.

10-5-81, ஞாயிறு

தென்னேரி. காலை பஸ். ஏரியில் நடுவில் மட்டும் தண்ணீர், சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த சேறு. பெருமாளின் வீடு கரைக்குக் கீழேயே. முப்பது வயது இருக்கும், நல்ல ஆள். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றான். மணியைப் பற்றிச் சொன்னதும் அழைத்துப் போனான்.

ஓடை திரும்பும் மூலையில் வேலிகாத்தான் வேர். அதில் சிக்கி இருந்ததாம்.

"மாட்டு எலும்பு சார். மண்ட ஓடு கொம்போட இருந்திச்சி. அத்த அப்டியே அள்ளி அந்தக் கரையோரம் கொட்டிட்டோம்."

"மாட்டெலும்பு மட்டும்தானா?"

"எலும்புல இன்னா சார் கீது, நாங்க பாக்க."

கரையோரம் குவியல். குந்தி உட்கார்ந்து கையால் கிளறினேன். எருதின் மண்டை ஓடு, இடக் கொம்பு முனை உடைந்தது. விலா. கனத்த கால் எலும்பு. எல்லாம் எருது. மனசுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது. அப்புறம் ஒன்று கையில் வந்தது. விரல் தடிமன், ஒரு சாண் நீளம்கூட இல்லை, இரண்டு பக்கமும் வளைந்து பாம்பு நெளிந்த மாதிரி.

காறை எலும்பு.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. ஆட்டுக்கும் கிடையாது. கம்பவுண்டர் பயிற்சியில் பரீட்சைக்கு வந்த கேள்வி. பதில் எழுதி முழு மார்க் வாங்கினேன்.

என் கழுத்துக்குக் கீழே தோள் வரைக்கும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். அதேதான். அதே நெளிவு.

பெருமாள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "சார், சார். போலீசுன்னு போனா வேலைய நிறுத்திடுவாங்க சார். எட்டு பேரு கீறோம். மழைக்கு முன்ன முடிக்கலன்னா அவ்ளோதான். யாரோ எவரோ, செத்து எத்தினி வருசமோ."

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

எலும்பைக் குவியலில் திரும்ப வைத்தேன். துண்டை அவிழ்த்து மூடி நாலு மூலைக்கும் கல் வைத்தேன். கும்பிட்டேன். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றேன். கையை எங்கே கழுவினேன் என்று நினைவில்லை.

11-5-81, திங்கள்

புழுக்கம். மேகம் வந்து போயிற்று, சொட்டுகூட இல்லை. ஒரு பசுவுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை இன்னொன்றுக்கு ஊற்றப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தார். "வீட்டுக்குப் போங்க" என்றார். போகவில்லை.

இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்கிறேன்.

சொல்லாமல் இருக்க:
அவள் பொட்டோடு இருப்பாள்.
பெண் குழந்தைக்கு அப்பா எங்கோ இருப்பார்.
எட்டு பேருக்கு வேலை நிற்காது.
போலீஸ், கேள்வி, என் உத்தியோகம்.
கத்தி என்னிடமே இருக்கும். (இதையும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.)

சொல்ல:
அவள் மெட்ராஸில் தேடுகிறாள்.

இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. வேறு யோசிக்கவும் தோன்றவில்லை.

சரோஜா படித்துவிட்டாளோ என்று சந்தேகம். சாப்பாடு போடும்போது, "மெட்ராஸ் விலாசம் தெரிஞ்சா தந்தியாவது குடுக்கலாம்" என்றாள். நான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. அவள் செய்துவிட்டாள்.

12-5-81, செவ்வாய்

வந்துவிட்டாள்.

பத்து மணி இருக்கும். மருந்தக வாசலில் எட்டு ஒன்பது மாடு, ஆட்கள். கன்னியம்மாள் வேலிப் பக்கம் நின்று கை காட்டினாள். தம்பி தேவராஜ் பின்னால். இருவருக்கும் தூக்கமில்லாத கண். ஆனால் அவள் முகம். அன்று முகாமில் பார்த்ததைவிட நல்லா இருந்தது.

"சார், பாத்தவங்க கீறாங்க!"

மூர் மார்க்கெட் வாசலில் ஒரு டீக்கடைக்காரன் போட்டோவைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் சென்ட்ரலில் மூட்டை தூக்குகிறவன், அடிக்கடி டீ குடிக்க வருவான் என்றானாம். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்களாம். ஆள் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பான், மாசக் கடைசியில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினானாம்.

"கொஞ்சம் எளச்சிட்டாராம். மீச எடுத்துட்டாராம். வேட்டி சட்டை வாங்கி வச்சிட்டேன் சார். அந்த மாதிரி துணியோட ஊருக்குள்ள வரக் கூடாதில்ல."

தேவராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நம்பவில்லை என்று தோன்றியது. நம்பாதவனும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அவள் மடியிலிருந்து எதையோ எடுத்தாள். காகிதத்தில் சுற்றியது.

"உங்களுக்குத்தான். கத்தின்னா புடிக்குமாமே. நீங்க வாங்கின அதே எடத்துல வாங்கினேன். அவரு கத்திய நீங்க எனக்குக் குடுத்துடுங்க. வந்தா கேப்பாரு."

புதுக் கத்தி. சிவப்பு பிளாஸ்டிக் பிடி. சோடா மூடி திறக்கும் கொக்கி ஒன்று.

அத்தனை பேர் நடுவில். ஒருவன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு "கம்பவுண்டர் சார், கம்பவுண்டர் சார்" என்கிறான். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். "நாளைக்கு உங்க வீட்டுக்குக் கொண்டாரேன்" என்றேன். வாங்கிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக ஒன்றை நான் செய்ததில்லை.

13-5-81, புதன்

தனியாகத்தான் போவதாக இருந்தேன். சரோஜா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க சொல்லிட்டு வந்துடுவீங்க. அப்புறம் அவள யாரு புடிப்பாங்க?"

காவாந்தண்டலம், பதினோரு மணி. கன்னியம்மாள் வீட்டு வாசலில் வேப்ப மரம், அடியில் கயிற்றுக் கட்டில். எங்களை உட்கார வைத்து மோர் கொண்டு வந்தாள். தேவராஜ் இருந்தான். பெண்ணுக்குப் பள்ளிக்கூட லீவு, தாத்தா வீட்டில்.

மோரைக் கையில் வாங்கவில்லை. கத்தியைக் கட்டிலில் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"இதை நான் மெட்ராஸ்ல வாங்கல. வாலாஜாபாத்ல பழைய இரும்புக் கடையில எடுத்தேன். கடைக்குக் கொண்டாந்தவனுக்கு இது தென்னேரி கலங்கல் ஓடையில மணல்ல கெடைச்சது. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். சிந்தாமல் வைத்தாள்.

"பாத்துட்டு?"

"எலும்பு இருக்குதும்மா. மனுஷ எலும்பு."

தேவராஜ் "அக்கா" என்றான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். நான் எதிர்பார்த்திருந்தது அலறலை. அவள் கேட்டது வேறு.

"மாடு இருந்திச்சா?"

"இருந்தது. கொம்போட மண்டை ஓடு. கழுத்து மணி."

"எந்தக் கொம்பு மொன ஒடஞ்சிருந்திச்சி?"

"இடக் கொம்பு."

"வித்தவன் சொன்னான். எடக் கொம்பு மூளின்னுதான் வெல கொறச்சிக் குடுத்தேன்னு." கத்தியைப் பார்த்தாள். "அப்போ அவரு மாட்ட விக்கல."

"விக்கல."

"வூட்டுக்குத்தான் ஓட்டிக்கினு வந்தாரு."

"ஆமாம்மா."

எழுந்தாள். வாசலைத் தாண்டித் தெரு நடுவில் போய் நின்றாள். வெயில், தெருவில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்த்துக் கத்தினாள். "அவரு மாட்ட விக்கல! கேட்டுக்கோங்க! என் வூட்டுக்காரு மாட்ட விக்கல! எவகூடவும் போவல! வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்தாரு!" தெருக்கோடி வரைக்கும் போனாள். கதவுகள் திறந்தன. திரும்பி வரும் வழியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சரோஜா ஓடினாள். இருவரும் தெருவிலேயே, சுடுமண்ணில்.

நானும் தேவராஜும் கட்டில் பக்கம் நின்றோம். அவன் கேட்டான், "அன்னிக்கே ஏன் சார் சொல்லல?"

பட்டுக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னேன். காரில் வந்து அள்ளிப் போனது, அதற்குப் பிறகு எல்லோரிடமும் மூர் மார்க்கெட் என்று சொல்வது. சொல்லச் சொல்ல எனக்கே அது என்ன காரணம் என்று இருந்தது. அவன் கேட்டுக்கொண்டான். "ம்" என்றான். அவ்வளவுதான்.

கத்தி கட்டிலிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

15-5-81, வெள்ளி

நேற்று முழுக்கவும் இன்று பாதியும் போலீஸ். தேவராஜ் எழுதிக் கொடுத்த மனு. ஓடைக்குப் போய் அளந்து எழுதினார்கள். எலும்பு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு. கத்தி, மணி, இரண்டுக்கும் சீட்டுக் கட்டிச் சாக்கில். நோட்டில் நெ. 14-ஐக் கோடு போட்டு அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

வாக்குமூலம். ஏட்டு கேட்டார், "எங்கிருந்து வாங்கினீர்?" வாய் "மூ" என்றுதான் ஆரம்பித்தது. நிறுத்தி, இருமி, வாலாஜாபாத் என்றேன். அவர் கவனிக்கவில்லை.

காறை எலும்பைப் பற்றிச் சொன்னதை அவர் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். "மாட்டுக்கு இல்லியா? நெசமாவா?"

வேலையை நிறுத்திவிட்டார்கள். பெருமாள் ஸ்டேஷன் வாசலில் மடக்கினான். "ஒரு கத்திக்காக எட்டு வூட்டு அடுப்ப அணச்சிட்டீங்க சார்." அவன் சொல்வதும் சரி. காதர் பாய் என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய்விட்டார்.

சிவப்புக் கத்திக்கு எண் போடவில்லை. இன்று அதில் ஒரு எலுமிச்சம்பழம் அறுத்தேன். அலகு வளைந்துவிட்டது. நிமிர்த்தி வைத்தேன்.

20-5-81, புதன்

முதல் மழை. கால் மணி நேரம். மண் வாசனைக்கு மாடுகள் எல்லாம் மூக்கைத் தூக்கின.

நேற்று எலும்பைக் கொடுத்தார்களாம். காவாந்தண்டலத்தில் ஆற்றங்கரையில் தகனம். நான் போகவில்லை. என்ன முகத்தோடு. சரோஜா போனாள். வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, கொடியில் புடவையைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஊரே அழுதுச்சி. ஓடிப்போனவன், ஓடிப்போனவன்னு சொன்ன வாயெல்லாம் அழுதுச்சி. அவ அழல. புது வேட்டி சட்டைய எடுத்தாந்து மேல போட்டா. மெட்ராஸ்ல வாங்கினாளாமே, அது."

"என்னைப் பத்தி ஏதாவது?"

"ஒண்ணியும் கேக்கல."

"அவ எங்கிட்ட ஒண்ணு சொன்னா. சொல்லட்டுமா வேணாமான்னு பாக்கறேன்" என்றாள். சொல்லாமலே அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் கேட்கவில்லை.

25-5-81, திங்கள்

மேகமூட்டம். கோழிக் கழிச்சல் வந்திருப்பதாக மூன்று ஊரிலிருந்து ஆட்கள். பாட்டில் போதாது.

பத்தரைக்குத் தேவராஜ் வந்தான். அக்கா வீட்டுக் கறவைக்கு மடி வீங்கிப் பால் திரிந்து வருகிறதாம். டாக்டருக்குக் கூட்டம். "கம்பவுண்டர், நீங்க போய்ட்டு வந்துடுங்க" என்றார். வேறு யாரையாவது என்று வாய் வரைக்கும் வந்தது. வேறு யாரும் இல்லை.

சைக்கிளில். தேவராஜ் முன்னால், நான் பின்னால்.

கன்னியம்மாள் கொட்டகையில் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி வெறுமை. கை வெறுமை. பெண் குழந்தை மூலையில் புல் கட்டின்மேல், என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போயிற்று.

வெந்நீர் கேட்டேன். வந்தது. ஒத்தடம், கெட்ட பாலைப் பீச்சி வெளியே விட்டு, காம்பில் மருந்துக் குழாய், தொடையில் ஊசி. பசு உதைத்தது. அவள் அதன் கழுத்தை அணைத்து ஏதோ சொன்னாள், அடங்கியது. அரை மணி நேரம் அவள் கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம், நடுவில் மாடு.

முடிக்கும் நேரத்தில், மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"மெட்ராஸ்ல அந்த மூணு நாளு சார். கூட்டத்துல எவன் வந்தாலும் அவரான்னு பாத்துக்கினு. ஒரு வாய் சோறு எறங்கல. ஆனா நல்லா இருந்திச்சி. கல்யாணம் ஆனதுலந்து அப்டி ஒரு மூணு நாளு எனக்கு இருந்ததில்ல. அத்த நீங்கதான் குடுத்தீங்க. நீங்களே வந்து புடுங்கிக்கினீங்க."

நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தீர்ந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தப்பும்மா. ரெண்டுமே என் தப்புதான்."

"ரெண்டாவது தப்பில்ல" என்றாள்.

மருந்துச் சீட்டு எழுதித் தேவராஜிடம் கொடுத்தேன். பையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"நாளைக்கும் ஊசி போடணுமா?" உள்ளேயிருந்து.

"போடணும். நாளைக்கும் மறுநாளும். டாக்டரை வரச் சொல்லட்டுமா?"

பசு வாலை அடித்துக்கொண்டது. அவள் புல்லைப் பிரித்து அதன் முன் போட்டாள்.

"நீங்களே வாங்க" என்றாள். மாட்டைப் பார்த்துத்தான் சொன்னாள்.